ஊர்ப் பாதையில் ஒரு மலை

மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கண்டாலா என்றால் மழைக்காலச் சுற்றுலா. ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கார்களும் வேன்களும் கிளம்பும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய், அருவியில் நனைந்து, சிக்கிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். அவர்களில் பலருடைய தாத்தா முதன்முதலில் பம்பாய்க்கு வந்து சேர்ந்ததே இந்த மலையில் இறங்கித்தான். அந்த நெரிசலில் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

தில்லியில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 48 ஜெய்ப்பூர், அகமதாபாத், சூரத் வழியாக மும்பையை ஒட்டி வந்து, கண்டாலா மலையில் ஏறி, புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர், காஞ்சிபுரம் என்று ஓடிச் சென்னையில் முடிகிறது. சென்னைக்குப் போகும் ரயில்பாதையும் இதே கணவாயில்தான் ஏறுகிறது. கொங்கணக் கரைக்கும் தக்காணப் பீடபூமிக்கும் நடுவே நிற்கும் சஹ்யாத்ரியில் இந்தக் கணவாய்க்குப் போர் காட் என்று பெயர். மும்பைத் தமிழர் வாயில் அது கண்டாலா காட். ஊருக்குப் போகும் பயணங்களில் அது வரும்; வந்த வேகத்தில் பின்னால் போய்விடும்.

இந்த மலையை மட்டுமே பார்ப்பதற்கென்று ஒரு முழுப் பகலை ஒதுக்கி, தனியாகக் கார் எடுத்துக்கொண்டு, பழைய சாலையில் போய்வரலாம். செம்பூரிலிருந்து லோனாவாலா சுமார் 75 கிலோமீட்டர்தான். கூட யாரும் இல்லையென்றால் தோதான இடத்திலெல்லாம் ஓரங்கட்டலாம். ஒரு கல்வெட்டின் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ ஒரு செவ்வாயோ புதனோ பொருத்தம். மழை தணியத் தொடங்கியிருக்கும், அருவிகள் வற்றியிருக்காது, கூட்டமும் குறைவு.

கடற்கழியைத் தாண்டி

அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்புகிறவருக்கு சயான்–பன்வேல் நெடுஞ்சாலை ஏறக்குறைய காலியாகக் கிடைக்கும். மான்குர்த் கடந்ததும் வாஷிப் பாலம். தானே கடற்கழியின் மேல் இங்கே முதல் பாலம் 1973-இல் வந்தது. அதற்குப் பக்கத்திலேயே 1990களில் இன்னொன்று கட்டினார்கள். கரையில் அலையாத்திக் காடு. குளிர்காலம் தொடங்கிக் கோடை வரை இந்தக் கழியில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமானது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. மழை மாதங்களில் சேறும் பச்சையும்தான் கண்ணுக்குக் கிடைக்கும். 2024 அக்டோபர் முதல் மும்பையின் நுழைவுச் சுங்கச்சாவடிகளில் கார்களுக்குக் கட்டணம் இல்லை. எனவே வாஷியில் வரிசையில் நிற்கும் வேலையும் இல்லை.

வாஷி, நெரூல், பேலாப்பூர், கார்கர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை எட்டாத உயரத்துக்குப் போனபின் தமிழ்க் குடும்பங்கள் தேடிவந்த ஊர்கள் இவை. அவற்றைக் கடந்து கலம்போலியில் சாலை இரண்டாகிறது. ஒன்று மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே. 2002-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட, ஆறு தடம் கொண்ட 94.5 கிலோமீட்டர் கான்கிரீட் சாலை. இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. இருசக்கர வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் அதில் அனுமதி கிடையாது. ஊர்களுக்குள் நுழையாமல், சுரங்கங்களால் மலையைத் துளைத்துக்கொண்டு அது போகிறது. அவசரக்காரர்களுக்கு அது வரம்.

இன்னொன்று பன்வேலைத் தொட்டுப் போகும் பழைய சாலை. முன்பு தேசிய நெடுஞ்சாலை 4 என்று பெயர். லாரிக்காரர்கள் பலருக்கு இன்றும் அது ‘நாலாம் நம்பர்’தான். கோவாச் சாலை பிரிகிற பளஸ்பே பாட்டாவில் தத்த ஸ்நாக்ஸ் காலையிலேயே களைகட்டியிருக்கும். கொத்தமல்லித் தழையைக் கடலைமாவில் பிசைந்து வேகவைத்துப் பொரித்த கொதிம்பீர் வடி, ஜவ்வரிசி வடை, ஸ்ரீகண்டை மோரில் கரைத்த பியூஷ் என்று மராட்டியச் சிற்றுண்டி எல்லாம் கிடைக்கும். மலை ஏறுமுன் வயிறு நிறைய இதுவே நல்ல இடம்.

இர்ஷால் கோட்டையின் அடியில்

பன்வேல் பின்னால் போனதும் இடது பக்கம் மலைகள் எழுகின்றன. மாதேரான் மேடு, பிரபல்காட், அதற்கடுத்து ஊசிமுனை மாதிரி நிற்கும் இர்ஷால்காட். சௌக் ஊரை நெருங்கும்போது அந்த முனை தெளிவாகத் தெரியும்.

அதன் சரிவில் இர்ஷால்வாடி என்றொரு குடியிருப்பு இருந்தது. தாக்கர் பழங்குடியினரின் ஊர். 2023 ஜூலை 19 இரவு, நாள்கணக்கில் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, மேலேயிருந்து மண் சரிந்து வீடுகளை மூடியது. வண்டி போகும் பாதை இல்லாததால் மீட்புப் படையினர் இருட்டிலும் மழையிலும் நடந்தே ஏறவேண்டியிருந்தது. மண் அள்ளும் இயந்திரத்தை மேலே கொண்டுபோக வழியில்லை. கையால் தோண்டி 27 உடல்களை எடுத்தார்கள். 57 பேர் கிடைக்கவில்லை. நான்கு நாளில் தேடல் நிறுத்தப்பட்டது. நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு அந்த இடம் ஒரு பசுஞ்சரிவு. மலையின் அழகைப் பார்க்க வருகிறவர் அதன் அடியில் வாழ்கிறவர்களின் மழைக்காலம் எப்படிப்பட்டது என்பதையும் இங்கே ஒரு நிமிடம் வண்டியை ஓரங்கட்டி எண்ணிப் பார்க்கவேண்டும்.

சரிவுக்குக் காரணம் பெருமழையும் இந்த மலையின் அமைப்பும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியைப் பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பசால்ட் பாறை இது. நீலகிரியின் சார்னோகைட் பாறை இதைவிடப் பல மடங்கு பழையது. அதனால்தான் ஊட்டியின் மலைகள் உருண்டு வளைந்தும், சஹ்யாத்ரி படிக்கட்டாக வெட்டியதுபோலச் செங்குத்தாகவும் நிற்கின்றன. அடுக்குகளுக்கு நடுவே உள்ள மென்மையான பகுதி மழையில் ஊறி மக்கும். மழையோ கொஞ்சநஞ்சமல்ல. சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் பெய்தால் லோனாவாலாவில் 4,000-க்கு மேல். அதுவும் பெரும்பாலும் நான்கே மாதத்தில். அங்கிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் புனேயில் 700 அளவுக்குத்தான். கடலிலிருந்து வரும் மேகம் இந்தச் சுவரில் மோதித் தன் சுமையை இறக்கிவிட்டுப் போகிறது.

மலையடிவாரத்தில் கோபோலி. இங்கே மலையிலிருந்து தடித்த குழாய்கள் இறங்குவதைப் பார்க்கலாம். டாடா நிறுவனம் மேலே லோனாவாலாப் பக்கத்தில் ஏரிகளைக் கட்டி, அந்த மழைநீரை 500 மீட்டருக்கு மேல் கீழே பாயவைத்து மின்சாரம் எடுத்தது. 1915-இல் கோபோலி நிலையம் ஓடத் தொடங்கியது. நிலக்கரிப் புகையில் இயங்கிய பம்பாயின் பருத்தி ஆலைகள் மின்சாரத்துக்கு மாறின. கிழக்கே ஓடி வங்கக்கடலுக்குப் போயிருக்கவேண்டிய நீர், திசை திரும்பி மேற்கே வந்து தறிகளைச் சுழற்றியது.

ஏறுகிறவருக்கே முதல் வழி

கோபோலி தாண்டியதும் சாலை ஏறத் தொடங்குகிறது. மலைச்சாலையில் பழகாத மும்பை ஓட்டுநர் செய்யும் முதல் காரியம் ஆக்சிலேட்டரை அழுத்துவது. தேவையில்லை. இரண்டாம், மூன்றாம் கியரில் இன்ஜின் திணறாமல் இழுக்கும் வேகம் போதும். குறுகலான மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிடவேண்டும் என்று இந்தியச் சாலை விதியே சொல்கிறது. ஏற்றத்தில் நின்றுவிட்ட லாரி மறுபடி நகர்வது எவ்வளவு கடினம் என்பது அதன் பின்னால் நிற்பவருக்குத் தெரியும். பனிமூட்டம் இறங்கினால் தாழ்ந்த கற்றையில் விளக்கு எரியவேண்டும், உயர்ந்த கற்றையில் அல்ல. ஓடும்போது ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இங்கே அதிகம். அதனால் பின்னால் வருகிறவருக்கு அவர் நிற்கிறாரா திரும்புகிறாரா என்று புரியாது.

சாலையோரத்தில் ஷிங்ரோபா கோயில். சிறியதுதான், ஆனால் நாணயம் போடாமலோ கையெடுத்துக் கும்பிடாமலோ இதைக் கடக்கும் லாரி ஓட்டுநர்கள் குறைவு. ஷிங்ரோபா ஆடு மாடு மேய்த்த தங்கர் சமூகத்து மனிதர். மலையைக் கடக்க வழி தெரியாமல் திகைத்த வெள்ளைக்கார இன்ஜினியர்களுக்கு, தன் மந்தை ஏறி இறங்கும் தடத்தை அவர் காட்டினார் என்பது கதை. என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது, ‘எங்கள் நாட்டை விட்டுப் போங்கள்’ என்றாராம். அதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டாராம். ஆவணம் தேடினால் கிடைக்காது. ஆனாலும் வழியைக் கண்டுபிடித்தவன் கோட்டுப் போட்டவன் அல்ல, கோல் பிடித்தவன் என்ற நம்பிக்கை தலைமுறைகளாக இந்தக் கல்லில் குங்குமமாக நிற்கிறது. மலைப்பாதைகளின் வரலாறும் அதற்கு எதிராக இல்லை. சாதவாகனர் காலத்திலேயே கல்யாண், சோபாரா துறைமுகங்களின் சரக்கு இந்தக் கணவாய் வழியாகத் தக்காணத்துக்குப் போயிருக்கிறது.

பீரங்கி வண்டிதான் இந்தப் பாதையைச் சாலையாக்கியது. பன்வேலில் இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிப் படை 1778–79 குளிர்காலத்தில் தளவாடங்களை இந்த மலையில் இழுத்து ஏற்றியது. மேலே மகாத்ஜி ஷிந்தேயின் மராட்டியப் படை காத்திருந்தது. 1779 ஜனவரியில் வட்காவில் ஆங்கிலேயர் பணிந்து உடன்படிக்கை எழுதிக்கொடுத்தார்கள். அடுத்த போரில் அந்தத் தொல்லை வேண்டாமென்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்டுவிட்டு வந்த ஆர்தர் வெல்லெஸ்லி 1804 வாக்கில் இங்கே பாதையைச் செப்பனிட்டார். சக்கரவண்டி முழுதாக ஏறி இறங்கும் சாலையைக் கேப்டன் ஹியூஸ் என்பவர் அமைத்தார். 1830 நவம்பரில் பம்பாய் ஆளுநர் ஜான் மால்கம் அதைத் திறந்துவைத்தார்.

மலையின் மேல்பகுதியில் பழைய சாலையும் எக்ஸ்பிரஸ்வேயும் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகின்றன. இங்கே ஹியூஸ் காலத்துக் கற்பாலம் ஒன்று இருந்தது. பேர் அமிர்தாஞ்சன் பாலம். பக்கத்தில் அந்தத் தலைவலித் தைலத்தின் பெரிய விளம்பரப் பலகை நின்றதால் வந்த பெயர். நம்மூரில் மஞ்சள் நிறக் குப்பியில் வீட்டுக்கு வீடு இருந்த அதே அமிர்தாஞ்சன்தான். ஆந்திரத்திலிருந்து வந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் அந்தத் தொழிலைத் தொடங்கியது பம்பாயில். சென்னைக்குப் பெயர்ந்தது பிறகுதான். மயிலாப்பூர் லஸ் சாலையில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில் இருப்பது. பாலத்தின் தூண்கள் எக்ஸ்பிரஸ்வேயின் தடங்களுக்கு நடுவே நின்று நெரிசலும் விபத்தும் ஏற்பட்டதால், 190 வருடம் நின்ற பாலத்தை 2020 ஏப்ரலில், ஊரடங்கில் சாலை வெறிச்சோடிக் கிடந்தபோது, வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாலம் போனபின்னும் ஓட்டுநர்கள் அந்த இடத்தை அமிர்தாஞ்சன் என்றே சொல்கிறார்கள்.

இருபத்தைந்து சுரங்கங்கள்

கண்டாலாவுக்குள் நுழைந்ததும் ராஜ்மாச்சி பாயிண்ட் வரும். காரை நிறுத்தி இறங்கவேண்டிய இடம் இது. முன்னால் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்ற இரட்டைக் கோட்டைகள். மேகம் விலகும்போது எதிர்ச்சரிவில் ரயில்பாதையும் சுரங்க வாய்களும் தெரியும். கொஞ்சம் பொறுத்திருந்தால் ஒரு ரயில் வரும். முன்னால் இன்ஜின், பின்னாலும் இன்ஜின். கர்ஜத் நிலையத்தில் பெரும்பாலான ரயில்களின் வாலில் ‘பேங்கர்’ எனப்படும் தள்ளும் இன்ஜின்களைக் கோத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள். 37 அடி ஓடினால் ஓரடி உயரும் ஏற்றம். ரயிலுக்கு அது மிகக் கடுமை. இறங்கும் ரயில் கட்டுப்பாட்டை இழந்தால் பிடித்து நிறுத்துவதற்கென்று மேல்நோக்கி ஏறும் கிளைத் தண்டவாளங்களும் வழியில் உண்டு.

கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே 1853-இல் போரிபந்தரிலிருந்து தானேக்கு முதல் ரயிலை விட்டது. மூன்றே வருடத்தில் இந்த மலையில் கைவைத்தது. தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லி. பாதை சுமார் 25 கிலோமீட்டர். அதற்குள் 558 மீட்டர் ஏறவேண்டும். 25 சுரங்கங்கள், எட்டுப் பெரிய பாலங்கள். டைனமைட் இன்னும் வராத காலம். பாறையில் கையால் துளை போட்டுக் கருமருந்து நிரப்பி வெடித்தார்கள். நிற்க இடமில்லாத செங்குத்தில் ஆட்களைக் கயிற்றில் கட்டி இறக்கித் துளை போடவைத்தார்கள்.

1859-இன் தொடக்கத்தில் கூலி கிடைக்காத தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். அதைத் தொடர்ந்து வேலைக்காரர்–முதலாளி தகராறுகளுக்கென்று 1860-இல் ஒரு சட்டமே வந்தது. ஒப்பந்தக்காரர் ஃபேவியல் விலகினார். அவருக்குப் பதிலாக வந்த சாலமன் டிரெட்வெல் இந்தியாவில் இறங்கிய சில வாரங்களில் நோய்கண்டு இறந்தார். அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஊருக்குத் திரும்பவில்லை. கணவரின் ஒப்பந்தத்தைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டு, இரண்டு பொறியாளர்களை மேலாளர்களாக வைத்து, வேலையை முடித்துக்கொடுத்தார். 1863-இல் பாதை திறந்தது. நாற்பதாண்டு கழித்துக்கூட ஒரு பெண் இப்படி ஒரு ஒப்பந்தத்தை நடத்துவது அரிதாகவே இருந்திருக்கும்.

1861-இல் ஒரே சமயத்தில் இங்கே வேலை பார்த்தவர்கள் 42,000 பேர். ஆண்கள் வெட்டினார்கள், பெண்களும் பிள்ளைகளும் மண்ணும் கல்லும் சுமந்தார்கள். குடிசைகளில் காலராவும் காய்ச்சலும் புகுந்தன. எட்டு வருடத்தில் சுமார் 25,000 பேர் இறந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அவர்களுடைய ஊரும் பெயரும் இன்று யாருக்கும் தெரியாது. பெர்க்லியையும் டிரெட்வெல்லையும் ரயில்வே வரலாறு எழுதுகிற எல்லோரும் சொல்கிறார்கள். ராஜ்மாச்சி பாயிண்டில் தொலைநோக்கி வைத்துக் காசு வாங்குகிறவரின் பக்கத்தில், அந்த 42,000 பேருக்காக ஒரு கல் நிற்கவேண்டும். தமிழிலும் அதில் ஒரு வரி இருந்தால் தகும். 1871-இல் இந்தப் பாதை நீண்டு ராய்ச்சூரில் மெட்ராஸ் ரயில்வேயோடு கைகோத்தது. அன்றிலிருந்துதான் சென்னையிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் வரமுடிந்தது.

அதற்குப் பின் நடந்ததை மும்பையின் தமிழ்த் தெருக்களே சொல்லும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் தாராவியில் குடியேறினார்கள். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்ற குமாஸ்தாக்கள் மாட்டுங்காவில் அறை எடுத்தார்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தன் பள்ளியைத் தொடங்கும் அளவுக்குக் குடும்பங்கள் பெருகிவிட்டன. அடுத்த தலைமுறை செம்பூருக்கு நகர்ந்தது. சென்னை மெயிலும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸும் இன்றும் இந்தச் சுரங்கங்களில்தான் புகுந்து வருகின்றன. 1998-இல் கொங்கண் ரயில்பாதை முழுதாகத் திறக்கும்வரை கேரளத்து மக்களும் ரயிலில் வருவதென்றால் பெரும்பாலும் இந்த மலையில் இறங்கித்தான் வரவேண்டும்.

கடலைமிட்டாயும் கார்வியும்

கண்டாலாவிலிருந்து லோனாவாலா ஐந்தே கிலோமீட்டர். கடைவீதி முழுக்க சிக்கி. வெல்லப்பாகில் நிலக்கடலை, எள், முந்திரி என்று வகைவகையாக. தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஒரு துண்டைக் கடித்ததும் கோவில்பட்டியோடு ஒப்பிடாமல் இருக்கமாட்டார். அங்கே பாகு முற்றலாக, கடலை தூக்கலாக இருக்கும். இங்கே தகடாகத் தட்டி மெல்லியதாக வெட்டுகிறார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

புஷி அணைப் பக்கம் போகிறவர் தண்ணீரில் இறங்காமல் பார்த்துவிட்டு வரவேண்டும். 2024 ஜூன் 30 அன்று அணைக்குப் பின்னால் உள்ள அருவியில் நின்றுகொண்டிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. குழந்தைகளும் அதில் உண்டு. மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. கணுக்கால் அளவு ஓடும் நீர் சில நிமிடங்களில் இடுப்புக்கு ஏறிவிடும். தனியாக வந்தவருக்குக் கை கொடுக்க ஆளும் இருக்காது.

சரிவுகளில் புதராக அடர்ந்து நிற்பது கார்வி. நம்முடைய குறிஞ்சிக்கு நெருங்கிய உறவு. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்தால் கார்வி எட்டாண்டுக்கு ஒருமுறை. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2016-இலும் 2024-இலும் அது பூத்தபோது மலைச்சரிவே ஊதாவானது. பூக்காத வருடங்களில் அதன் தண்டுதான் பயன். பழங்குடியினர் அதை வரிசையாகக் கட்டி, மேலே மண்ணும் சாணமும் பூசி வீட்டுச் சுவராக்குகிறார்கள்.

கார்லாவில் ஒரு தச்சன்

பகல் பொழுதின் பெரிய பகுதியைக் கார்லாக் குகைகளுக்கு வைத்துக்கொள்ளவேண்டும். லோனாவாலாவிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். காரை நிறுத்திவிட்டுப் படியேறவேண்டும். வாசலிலேயே ஏக்வீரா தேவி கோயில். மும்பையின் ஆதிக்குடிகளான கோலி மீனவர்களின் குலதெய்வம். வொர்லியிலும் வெர்சோவாவிலும் இருந்து கூடைக்காரிகள் குடும்பத்தோடு இந்த மலைக்கு வருகிறார்கள். கோயிலுக்குப் பின்னால் பௌத்தர்களின் பெரிய சைத்தியம், அதாவது வழிபாட்டுக் கூடம், திறக்கிறது. சுமார் 45 மீட்டர் நீளம், 37 தூண்கள். இந்தியாவில் மலையைக் குடைந்த சைத்தியங்களில் இதுவே பெரிது. நிமிர்ந்து பார்த்தால் கூரையில் வளைந்து நிற்கும் மரச் சட்டங்கள். கல்லைக் குடைந்த காலத்தில் பொருத்தியவை. இரண்டாயிரம் வருடமாக அங்கேயே இருக்கின்றன.

தூண்களிலும் முகப்பிலும் பிராமி எழுத்தில் பிராகிருதக் கல்வெட்டுகள். கொடுத்தவர்கள் யார் யார் என்று அவை சொல்கின்றன. வைஜயந்தி, அதாவது இன்றைய கர்நாடகத்து பனவாசியைச் சேர்ந்த பூதபாலன் என்ற செட்டி, ஜம்புத்தீவிலேயே சிறந்த கல்மாளிகை இது என்று பெருமையோடு பொறித்திருக்கிறார். தேனுகாகடம் என்ற ஊரில் வாழ்ந்த யவனர்கள் தூண்களைத் தானம் செய்திருக்கிறார்கள். சங்கப் பாட்டுகளில் பொன்னோடு வந்து மிளகோடு போகும் அதே யவனர் இனம். வாசலைக் கொடுத்தவர்களில் ஒருவர் வாசனைத் திரவிய வியாபாரி. இன்னொரு கல்வெட்டில், வாசல் வேலையைச் செய்த தச்சன் ஒருவனுடைய பெயரும் அவன் தகப்பன் பெயரும் ஊர் பெயரும் இருக்கின்றன. சாமி, வேணுவாசனின் மகன், தேனுகாகடத்தான்.

ராஜ்மாச்சி பாயிண்டில் நின்றுவிட்டு இங்கே வந்தவருக்கு அந்தத் தச்சனின் பெயர் சாதாரண விஷயமாகத் தோன்றாது. அரசனும் செட்டியும் பெயர் பொறித்த அதே சுவரில் உளி பிடித்தவனுக்கும் ஒரு வரி கொடுக்க இந்த மலை இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே அறிந்திருந்தது.

மதியம் இரண்டரைக்குள் திரும்ப ஆரம்பித்துவிடுவது நல்லது. மாலையில் மூட்டம் இறங்கும். நவி மும்பை அலுவலகங்கள் விடும் நேரத்தில் வாஷிப் பாலமும் நெரியும். எந்த கியரில் ஏறியதோ அதே கியரில் இறங்கவேண்டும் என்பது ஊட்டி முதல் கண்டாலா வரை எல்லா மலைச்சாலைக்கும் பொது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி தாழ்ந்த கியரில் விட்டால் பிரேக்குக்கு வளைவுகளில் மட்டுமே வேலை. கோபோலியில் ஒரு கட்டிங் சாயும் வடாபாவும் முடித்துக்கொண்டு கிளம்பினால் ஐந்து மணி வாக்கில் செம்பூர்.

போர் காட் பிடித்துப்போனவர் அடுத்த விடுமுறை நாளுக்கு நாணேகாட்டைக் குறித்துக்கொள்ளலாம். கல்யாண், முர்பாட் வழியாக மால்ஷேஜ் மலைச்சாலையை நோக்கிப் போகும் வழியில் அடிவாரம் வரும். அங்கிருந்து பழைய வணிகப்பாதையில் நடந்தே ஏறவேண்டும். உச்சியில் உள்ள குகையில் சாதவாகன அரசி நாகனிகா செய்வித்த யாகங்களும், தானம் கொடுத்த பசு, குதிரை, யானைகளின் எண்ணிக்கையும் இந்தியாவின் மிகப் பழைய எண் வடிவங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பாதையோரத்தில் ஒரு பெரிய கல்தொட்டி. மலையேறிய வணிகர்களிடம் வசூலித்த சுங்கக் காசு விழுந்த உண்டியல் என்று அதைச் சொல்கிறார்கள். மழை முடிந்த அக்டோபரில், கெட்டியான செருப்போடும் இரண்டு லிட்டர் தண்ணீரோடும் போகவேண்டும்.